வலது பக்கப் பொட்டுகள்

என் தொழில் என்னவென்று விளக்குவதை விட்டுக் கனகாலமாகிறது. கேட்பவர்களிடம் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிடுவேன். தங்கள் பிரிண்டர் பழுதானால் என்னைக் கூப்பிடலாம் என்று நினைத்து அவர்களும் திருப்தியோடு தலையாட்டுவார்கள். உண்மையில் நான் முகங்களை இழுக்கிறவள். கணினி விளையாட்டுகளில் வரும் அரக்கர்கள், சூனியக்காரிகள், பேசும் மிருகங்கள் எல்லாம் சிரிக்கும்போதும் கத்தும்போதும் கொட்டாவி விடும்போதும் அவர்களின் தோல் எந்தப் பக்கம் எவ்வளவு நகரவேண்டும் என்று தீர்மானிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலை வீட்டிலிருந்தே. வீடென்றால் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், நாலாம் மாடியில் ஒரு ஃபிளாட். அண்ணா ரொறன்ரோவிலிருந்து காசனுப்பி வாங்கியது. அப்பா காலமானபிறகு அம்மாவும் அண்ணாவிடம் போய்விட்டார். ஆளில்லாத அறைகளைக் கூட்டித் துடைப்பதற்கென்று நான் மிஞ்சியிருக்கிறேன். எதிர் ஃபிளாட்காரர் இலண்டனில் இருக்கிறார். கீழ் மாடிக்காரர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து, மாம்பழம் தின்று, வெயிலைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போகிறவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குத்தான் நல்ல ஓய்வு.

முகம் என்பது எங்களுக்கு ஒரு வலை. பல்லாயிரம் சின்னச் சதுரங்களைக் கோர்த்துச் செய்த, நுளம்பு வலை போன்ற ஒரு மேற்பரப்பு. அதில் சில புள்ளிகளை ஆணி அடித்த மாதிரி அசையாமல் வைத்திருப்போம். காதடி, நெற்றியின் மேல் விளிம்பு, கழுத்து. வேறு சில புள்ளிகளைப் பிடித்து இழுப்போம், உதட்டோரம், புருவம். இடையில் கிடக்கும் மீதி முழுவதும் மடியாமல், கிழியாமல், தானாக இழுத்த பக்கம் வரவேண்டும். சின்னப் புன்சிரிப்பென்றால் எந்த அரைகுறைக் கணக்கும் சரிவரும். வாய் காதுவரை போகும் பெரிய சிரிப்பில்தான் வண்டவாளம் வெளிக்கும். கன்னம் உள்ளே சப்பிப்போகும். சுருக்கங்கள் திரும்பவேண்டிய பக்கம் திரும்பாமல் பழைய திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. முதலில் சுருக்கம், மரு, குழி எல்லாவற்றையும் முகத்திலிருந்து கழற்றித் தனியே வைத்துவிடுவோம். மொழுமொழுவென்று மிஞ்சுகிற முகத்தை வேண்டிய மட்டும் இழுத்து வளைப்போம். பிறகு கழற்றிய சுருக்கங்களைப் புதிய திசைக்குத் திருப்பி ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் ஒட்டுவோம். அப்போதுதான் எவ்வளவு இழுத்தாலும் அது அதே ஆளின் முகமாக இருக்கும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வேறு ஆர் இருக்கிறார்கள் எனக்காகச் சொல்ல.

அந்த மாதங்களில் என் கையில் இருந்தவர் ஒரு தவளை மந்திரி. சிறுவர் விளையாட்டு ஒன்றில் அரசனை ஏமாற்றுகிற பாத்திரம். மந்திரியின் சிரிப்பு ஒரு காதிலிருந்து மறு காதுவரை போகவேண்டும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். தவளைக்குக் காது எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் என்னைத்தான் செய்யச் சொல்வார்கள்.

சிரிப்புக்கு மாதிரி காட்ட ஒரு மனித முகம் வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே மனித முகம் என்னுடையது. முகமெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு கமராவுக்கு முன் இருந்து சிரித்தால், மென்பொருள் அந்தப் புள்ளிகளின் ஓட்டத்தைப் பிடித்துத் தவளையின் முகத்துக்குக் கடத்தும். இதற்கென்றே விசேஷமான புள்ளிகள் விற்பதாகக் கேள்வி. எனக்கு ஒட்டுப்பொட்டு போதும். காலி வீதி ஃபான்ஸிக் கடையில் கடுகளவு கறுப்புப் பொட்டு அட்டை அட்டையாக வாங்குவேன். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்கிற பெண் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"ஏன்க்கா, இம்புட்டுப் பொட்டு வாங்குறீங்க, நெத்தியில ஒண்ணயும் காணோமே?"

"வீட்டிலை ஒட்டுறனான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மிச்சக் காசைக் கொஞ்சம் தள்ளி நின்று தந்தாள்.

போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து ஒரு நீண்ட வார இறுதி வந்தது. வெள்ளி பின்னேரம் அலுவலகக் கூட்டத்தில் "சரி, பை" என்று சொன்னதுதான் நான் கடைசியாகப் பேசிய பேச்சு. சனி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அதைக் குறையாகவும் நினைக்கவில்லை, பழகிவிட்டது. ஞாயிறு காலை பல் விளக்கும்போது தண்ணீர் வாயோரத்தால் வழிந்தது. நித்திரை இன்னும் தெளியவில்லையாக்கும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு முன் நின்று பொட்டுகளை ஒட்டினேன். பொட்டு ஒட்டும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை, இடங்களைத்தான் பார்ப்பேன்.

கமராவைப் போட்டு மந்திரிச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இடது பக்கப் புள்ளிகள் அழகாக மேலே ஏறியிருந்தன. வலது பக்கப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. மென்பொருளைக் கவனிப்பவன் எங்கள் அலுவலகத்தில் ஒரு சிங்களப் பெடியன். நான் அவனை மல்லி என்பேன், அவன் என்னை அக்கி என்பான், சிங்களத்தில் தம்பி, அக்கா. போன கிழமைதான் புதுப் பதிப்பு ஒன்றை எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். அவன்தான் ஏதோ குழப்பிவிட்டான் என்று முடிவுகட்டினேன். வலது பக்கப் பொட்டுகளைக் கழற்றிப் புதிதாக ஒட்டினேன். யன்னல் சீலையை விலக்கி வெளிச்சத்தை மாற்றினேன். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். திரும்பவும் சிரித்தேன். திரும்பவும் அதே கதை. "உன்ரை புது வெர்ஷன் என்ரை வலது பக்கத்தைத் திண்டிட்டுது" என்று அவனுக்கு ஆங்கிலத்தில் காரமாக எழுதினேன். போயாவுக்கு ஊருக்குப் போயிருந்த பாவம், அங்கிருந்தே சோதித்துப் பார்த்துப் பதில் போட்டான்: தன்னுடையதில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். நான் நம்பவில்லை. பதிவான வீடியோவையே திறந்து பார்த்தேன். ஒரு பாதி சிரித்துக்கொண்டும் மறு பாதி சும்மாவும் இருந்த அந்த முகத்தைப் பார்த்து, ஃபைல் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். என்னைப் போல ஒரு மடைச்சி இருக்கமுடியாது.

களைத்துப்போய்த் தேத்தண்ணி ஒன்று போட்டுக் குடித்தேன். அது வலது வாயோரத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. துடைத்துவிட்டு இன்னொரு மிடறு குடித்தேன். அதுவும் வழிந்தது. அப்போதுதான் கையை வைத்து முகத்தைத் தடவிப் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். கைக்குள் ஒன்றும் அசையவில்லை.

பயந்தேன். பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் எனக்கு வந்த முதல் யோசனை சாவைப் பற்றியது அல்ல. இங்கே விழுந்தால், ஞாயிறு வழக்கப்படி பின்னேரம் அம்மா ரொறன்ரோவிலிருந்து ஃபோன் எடுக்கும்வரை ஒருத்தருக்கும் தெரியாது, அம்மா எடுத்தாலும் நான் குளிக்கிறேன் என்று நினைத்து வைத்துவிடுவார் என்பதுதான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முச்சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் "மொக்கத நங்கி வுனே?" என்றார், என்ன நடந்தது என்று. "ஆஸ்பத்திரி" என்றேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற 'ப' உதட்டில் ஒட்டவில்லை. பொரளை ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த மனிதர் ஒரு கண்ணை வீதியிலும் மற்றக் கண்ணைப் பின்கண்ணாடியிலும் வைத்துக்கொண்டு ஓட்டினார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அவசரப் பிரிவில் இளம் டொக்டர் ஒருத்தி, பாதி தமிழும் பாதி சிங்களமுமாக, முதலில் கேட்டது என் வாயைப் பற்றி அல்ல.

"இது என்ன? அலர்ஜியா?"

முகமெல்லாம் பொட்டோடுதான் நான் வந்திருந்தேன். நெற்றியில், கன்னத்தில், மூக்கில், வாய்க்குக் கீழே நாடியில், வரிசை வரிசையாகக் கடுகுப் பொட்டு. வெட்கமாகப் போய்விட்டது. பொட்டு என்று சொல்லவும் 'ப' வரவில்லை. வயதான நேர்ஸ் ஒருவர் கிட்ட வந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல், என் நாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக நகத்தால் கிளப்பி எடுக்கத் தொடங்கினார். இடது பக்கம் முடித்து வலது பக்கம் வந்தார். அசையாத பக்கத்திலும் அவருடைய விரல் தெரிந்தது. விரல் சூடாக இருந்தது. இன்னொருவரின் கை என் முகத்தில் பட்டு எவ்வளவு காலம் என்று யோசித்தேன். எடுத்த பொட்டுகளை அவர் தன் புறங்கையிலேயே ஒட்டிக்கொண்டு போனார். முடிந்துவிடக் கூடாது என்றிருந்தது. முடிந்துவிட்டது.

பிறகு டொக்டர் சோதித்தாள். புருவத்தைத் தூக்கச் சொன்னாள். கண்ணை இறுக மூடச் சொன்னாள். கன்னத்தை ஊதச் சொன்னாள். பல்லைக் காட்டச் சொன்னாள். ஒரு புது முகம் செய்து முடித்ததும் அது ஒழுங்காக அசைகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கிற ஒழுங்கும் கிட்டத்தட்ட இதுதான். என்னுடைய தவளை இவற்றையெல்லாம் பிழையில்லாமல் செய்யும். நான் எல்லாவற்றிலும் பாதியைத்தான் செய்தேன்.

பக்கவாதம் இல்லை என்றாள். மூளையில் பிழையென்றால் நெற்றி அசையுமாம், எனக்கு அதுவும் சேர்ந்து அசையாததால் மூளையில் பிழையில்லை. காதுக்குப் பின்னால் வருகிற முக நரம்பு வீங்கியிருக்கிறது. குளிசை தந்தாள், கண்ணுக்குத் துளி மருந்து தந்தாள், கண் மூடாதபடியால் படுக்கும்போது இமையைப் பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு படுக்கச் சொன்னாள். அநேகமானவர்களுக்குத் திரும்பி வரும் என்றாள்.

"எனக்கு வருமோ?"

"பொறுத்துப் பார்க்கணும்," என்றாள். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "கூட வந்தது யாரு?"

"ஒருத்தரும் இல்லை."

அவள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள், நான் பொய் சொல்கிறேனோ என்று சரிபார்ப்பதுபோல.

அன்று பின்னேரம் அம்மா எடுத்தபோது நான் வீடியோவை நிறுத்திவிட்டுக் கதைத்தேன்.

"பிள்ளை, ஏன் உன்ரை முகம் தெரியேல்லை?"

"கமரா பழுதாப் போச்சு அம்மா."

"வாயிலை என்னத்தை வச்சுக்கொண்டு கதைக்கிறாய்?"

"ரொஃபி."

"இந்த வயசிலை என்ன ரொஃபி வேண்டிக்கிடக்கு? சீனி வருத்தம் வரப்போகுது."

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முந்தி எனக்கு டெங்கு வந்தபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன். அங்கே அம்மா பிரஷர் ஏறி விழுந்து, என்னைவிடக் கூடுதலான நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அவவுக்கு மறைக்கவேணும் எண்ட அறிவு உனக்கு இல்லையோ" என்று அண்ணா ஏசினார். இந்தமுறை எனக்கு அந்த அறிவு இருந்தது. அண்ணாவுக்குச் சொன்னால் அண்ணியின் வாயால் அம்மாவுக்குப் போகும். அதனால் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அலுவலகக் கூட்டங்களில் பாதிப் பேர் கமராவைப் போடுவதே இல்லை. வெளியே போக மாஸ்க் இருந்தது. ஒரு முகம் பாதியாகப் போனதை மறைப்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது ஒருத்தர் கண்டுபிடித்து, "உனக்கு என்ன?" என்று கேட்டிருக்கலாம் என்று இப்போதும் மனதில் ஒரு குறை கிடக்கிறது.

தவளைக்கு ஒரு வழி செய்யவேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் அது பெரிய விஷயமே இல்லை. இடது பாதியை மட்டும் பதிந்து, கண்ணாடியில் விழுகிற மாதிரி வலது பக்கத்துக்குப் பிரதிபண்ணினால் முடிந்தது. மந்திரி காதுக்குக் காது சிரித்தார். வாடிக்கையாளர் "அற்புதம்" என்று எழுதியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அங்கும் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

காலையும் மாலையும் கண்ணாடிக்கு முன் பயிற்சி. வலது உதட்டோரத்தை விரலால் பிடித்து மெதுவாக மேலே தள்ளவேண்டும், வைத்திருக்கவேண்டும், விடவேண்டும். பலமாக இழுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நல்ல பக்கம் மற்றதையும் தன் பக்கம் இழுத்துவிடுமாம். அந்தக் கண்ணாடியில் ஒரு அநியாயத்தைப் பார்த்தேன். அசையாத பக்கத்தில் சுருக்கமே இல்லை. நெற்றியின் வலது பாதி பள்ளிக்கூடப் பிள்ளையின் நெற்றி மாதிரி வழுவழுவென்று இருந்தது. நாற்பது வயதும் இடது பக்கத்தில் மட்டும் இருந்தது. கிரீம் பூசிப் பூசித் தேடியது இப்படியா கிடைக்கவேண்டும். அந்த அழகான பாதியைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது. அங்கே ஆளே இல்லை. ஒரு சுருக்கம் வந்துவிடு என்று அதைக் கெஞ்சினேன். உண்மையாகவே வாய்விட்டுக் கெஞ்சினேன். கேட்க ஆளில்லாத வீட்டின் ஒரே வசதி அது.

கண்ணாடி என்னை ஏமாற்றும் என்ற சந்தேகத்தில், ஒவ்வொரு நாளும் பொட்டு ஒட்டிப் பதிவும் செய்தேன். மென்பொருள் ஆசைப்படாது, உள்ளதைத்தான் சொல்லும். இடது பக்கப் புள்ளிகள் கோடு கோடாக ஏறி இறங்கும். வலது பக்கம் புள்ளி புள்ளியாகவே கிடக்கும். மாதம் ஒன்று போய் அடுத்ததும் பிறந்தது. கிளினிக்கில் இன்னும் பொறுக்கச் சொன்னார்கள். சிலருக்கு வராமலே விடுகிறதும் உண்டு என்பதை அவர்கள் சொல்லவில்லை, நான் தேடி வாசித்துவிட்டேன். வாசித்திருக்கக் கூடாது. இப்படியே இருந்துவிட்டால் எத்தனை வருஷம் கமரா பழுதென்று சொல்லலாம் என்று கணக்குப் போட்டபடி படுப்பேன்.

ஒரு மத்தியானம், சோறு அடுப்பில் கிடக்க, வழக்கம்போலப் பதிந்துவிட்டுப் பார்த்தால், வலது உதட்டோரப் புள்ளி ஒரு சின்னக் கோடு கீறியிருந்தது. ஒரு மயிரிழை. பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுதான். ஆனால் முன்பு என் முகப் பிழையை மென்பொருளின் பிழை என்று நினைத்தவள் அல்லவா, இப்போது மென்பொருளின் பிழையை என் முகம் என்று நினைத்துவிடக் கூடாதே. மல்லிக்கு ஃபோன் எடுத்தேன்.

"மல்லி, இண்டைக்கு உன்ரை வெர்ஷனிலை ஏதும் மாத்தினியோ? ஒரு புள்ளி சும்மா அசையுது."

அவன் கொச்சைத் தமிழில் சொன்னான்: "இல்லை அக்கி, ஒண்டும் மாத்தல்ல. புள்ளி அசையுது எண்டா, முகம் அசையுது."

நான் வலது உதட்டோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"ஏன் அக்கி? ஏதும் பிரச்சினையா?"

"நே மல்லி, ஹரி," என்றேன். இல்லை, சரி.

வைத்தபிறகுதான் உறைத்தது. முகம் திரும்பி வருகிறது. இதை நான் ஆருக்குச் சொல்வது? நல்லது நடந்திருக்கிறது என்று சொல்வதென்றால் முதலில் கெட்டது நடந்தது என்று சொல்லவேண்டும். அதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லையே. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. போய் நிறுத்திவிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, சத்தம் போட்டு "வந்திட்டுது" என்றேன். குக்கர் மட்டும் ஒருதரம் மூச்சுவிட்டது.

அதன்பிறகு விரைவாகவே வந்தது. கண் மூடியது, தேத்தண்ணி வாயிலேயே நின்றது, நெற்றியில் மெல்லிய ஒரு கீறல் விழுந்தது. வலது பக்கத்துக்கும் வயது வந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி உலகத்தில் எந்தப் பெண்ணும் சந்தோஷப்பட்டிருக்கமாட்டாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அம்மா எடுத்தபோது வீடியோவைப் போட்டேன். முகத்தைக் கழுவி, தலை சீவி, வெளிச்சம் நேரே படுகிற இடத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அம்மா அங்கே குளிருக்கு மேலங்கி போட்டுக்கொண்டு இருந்தார். கனநாளைக்குப் பிறகு என்னைக் கண்டதும் முதலில் மெலிந்துவிட்டேன் என்றார். பிறகு அண்ணாவின் மகளுக்குப் பல் முளைத்த கதை, கோவிலில் சந்தித்த ஊர்க்காரியின் கதை. சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்தாலும், முழுச் சிரிப்பாக, நிறுத்தாமல். அம்மா கதையை நிறுத்தினார்.

"ஏன் பிள்ளை சும்மா சிரிச்சுக்கொண்டிருக்கிறாய்? ஏதும் நல்ல செய்தியோ?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அங்கே மேசையில் அம்மாவின் பிரஷர் குளிசைப் பெட்டி தெரிந்தது.

"ஒண்டுமில்லை அம்மா. சும்மாதான்."

அம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. "சும்மா இருந்து இளிக்காதை. ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்?"

"இஞ்சை பாக்கிறதுக்கு ஆர் அம்மா இருக்கினம்?" என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.